கறந்த பால் நேரடியாகத் தரும் பண்ணையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாக்கெட் பாலை விட்டுவிட்டு, கறந்த பாலைப் பண்ணையிலேயே வாங்கலாம் என்று பார்க்கிறேன். அப்படி விற்பவர்களை நீங்கள் எப்படித் தேடிப் பிடித்தீர்கள்? கால்நடை மருத்துவரிடம் விசாரித்தால் தெரியுமா?

போன வாரம் ஒருவரிடம் வாங்கினேன். காய்ச்சி ஆறவைத்தும் ஆடையே கட்டவில்லை. கேட்டால், “மாடு அப்படி” என்கிறார்! அதனால் கண்முன்னே கறந்து தருபவராக இருந்தால் நல்லது. மாடுகளுக்குக் காசநோய், புருசெல்லோசிஸ் (பால் வழியாக மனிதருக்கும் தொற்றக்கூடிய மாட்டு நோய்) பரிசோதனை செய்திருக்கிறார்களா, மடியைக் கழுவித் துடைத்துக் கறக்கிறார்களா, கறந்ததும் 4 டிகிரிக்குக் குளிரவைக்கிறார்களா என்பதும் எனக்கு முக்கியம். பச்சையாகக் குடிக்கப்போவதில்லை, பொங்கக் காய்ச்சித்தான் குடிப்போம்; வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

அப்புறம், பண்ணைக்கு நேரில் போனால் வேறு என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.