கேட்டை மறித்து நின்ற வண்டி: தென்னாப்பிரிக்காவில் நமக்கு நடந்தவை

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

என் கணவர் இங்கே, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயிலில் குருக்கள். 2019-இல் வந்தோம். மேட்டுத் தெருவில் வாடகை வீடு. சாட்ஸ்வொர்த் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுச்சுவர் ஒன்று, அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். நிறவெறிக் காலத்துச் சட்டத்தால் கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் போன்ற டர்பன் பகுதிகளிலிருந்து கிளப்பப்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்து 1964 முதல் குடியேற்றிய ஊர் இது. வீட்டுக்கு ஒரு கார்கூட இல்லாத காலத்தில் போட்ட மனை. இப்போது பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, பின்கட்டில் ஓர் அறை போட்டு அங்கேயே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் மட்டும் நான்கு வண்டி. உள்ளே நிறுத்த இடம் ஒன்றுக்குத்தான்.

நாலாவது வண்டி இளைய பையனுடைய பக்கி (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்). 2021-இல் வாங்கினான். வாங்கிய வாரத்திலிருந்தே அதன் முன்பாதி எங்கள் கேட்டுக்குக் குறுக்கே நிற்கும். போய்க் கதவைத் தட்டினால், "சாரி ஆன்ட்டி" என்று ஓடி வந்து எடுத்துவிடுவான். கெட்ட பையன் இல்லை. நான் கடைக்குப் போய் வந்தால் பையை வாங்கிக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைப்பான். ஆனால் மறுநாள் வண்டி அதே இடத்தில்தான் நிற்கும்.

நான் ஒருநாளும் கறாராகச் சொன்னதில்லை. அவனுடைய பெரியப்பா கோயில் கமிட்டியில் இருக்கிறார். நாங்களோ விசாவில் வந்து வேலை பார்க்கிறவர்கள். ஊர்க்காரர்களோடு வண்டி நிறுத்துவதற்கா சண்டை போடுவது என்று நினைத்தேன். தினமும் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஜன்னல் திரையை விலக்கி, பக்கி நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நான் எழுந்தவுடன் செய்யும் முதல் வேலை. அப்படியே இரண்டு வருஷம் போனது.

2023 தைப்பூசம். இங்கே காவடி என்றால் கொடியேற்றி, பத்து நாள் விரதம் இருந்து எடுப்பார்கள். அபிஷேகத்துக்கு முதல் நாளே பால் வாங்கி வைத்திருந்தோம். இரண்டு லிட்டர் பாட்டில் இருபது. நாலரைக்கு எல்லாவற்றையும் காரின் பின்னால் அடுக்கினேன். மின்வெட்டு நேரம், மோட்டார் கேட் திறக்கவில்லை. என் கணவர் கையால் தள்ளித் திறந்தார். வெளியே பக்கி, பாதியளவு இல்லை, வாசலின் முழு அகலத்துக்கும் குறுக்கே.

கதவைத் தட்டினேன். அவன் அம்மா வந்தார். பையன் நாலு மணிக்கே நண்பர்கள் காரில் கோயிலுக்குப் போய்விட்டானாம். இந்த வருஷம் அவனுக்குக் காவடி. சாவி அவனிடம், போன் அணைந்திருந்தது. அங்கே அவன் காவடியோடு பூஜைக்குக் காத்திருக்கிறான். பூஜையைத் தொடங்க வேண்டியவர் இங்கே அவனுடைய வண்டிக்குப் பின்னால் நிற்கிறார். என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கைக்கும் நாலு பாட்டில் பாலை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கம் அந்த நேரத்திலேயே ஆரம்பித்துவிடும். பாட்டில்கள் வேர்த்து, தெரு விளக்குகூட இல்லாத இருட்டில் அவர் கையிலிருந்து சொட்டுவது என் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது அந்த வீட்டு ஆயா, பையனின் பாட்டி, எழுந்து வந்தார். எண்பது வயதுக்கு மேல். வீட்டில் தமிழ் பேசுகிற கடைசி ஆள் அவர்தான். "இன்னாத்துக்கு அழுவுற? இன்னொரு சாவி சாமி ரூம்ல கீது, இரு" என்றார். கற்பூர டப்பாவுக்குள் இருந்தது சாவி. அவன் அம்மாவே பக்கியை எடுத்துத் தெருவில் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். இரண்டாவது திருப்பத்தில் என் கணவரை ஏற்றிக்கொண்டேன். நாற்பது நிமிஷம் தாமதம்.

சாயங்காலம் பையன் வந்து எங்கள் படியில் உட்கார்ந்தான். செருப்பில்லாத கால், தோளில் காய்ந்த மஞ்சள். ஆயா எல்லாம் சொல்லியிருக்கிறார். நான் அன்றுதான் வாயைத் திறந்தேன். இரண்டு வருஷமாக நான் ஜன்னலில் பார்ப்பதிலிருந்து அத்தனையும் சொன்னேன். அவன் சொன்ன பதில் இன்னும் எனக்குள் இருக்கிறது: "ஆன்ட்டி, ஒவ்வொரு தடவையும் நீங்க சிரிச்சுக்கிட்டே வந்து கேட்டீங்க. உங்களுக்குப் பிரச்சினை இல்லைன்னுதான் நான் நெனச்சேன்." இங்கிலீஷில்தான் சொன்னான். பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பீனிக்ஸிலிருந்து (இதுவும் டர்பன் பக்கம்):

அம்மா, உங்களுக்கு வாய்த்தது நல்ல பிள்ளை. எனக்கு அப்படி இல்லை. எதிர்வீட்டுக்காரர் வண்டி பழுது பார்க்கிறவர், வாடிக்கையாளர் கார்களை எல்லாம் என் வாசலில் விடுவார். மூன்று முறை மரியாதையாகச் சொன்னேன். நாலாவது முறை நான் செய்தது தப்பு, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இரவில் ஒரு காரின் இரண்டு டயரில் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டேன். காலையில் போலீஸ் என் வீட்டு வாசலில். அடுத்தவர் பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் செய்வது இந்த நாட்டில் கிரிமினல் குற்றம். அந்தக் காருக்குச் சொந்தக்காரி ஒரு நர்ஸ், அன்று வேலைக்குப் போக முடியாமல் நின்றார். எனக்கும் அவருக்கும் எந்தப் பகையும் கிடையாது. புது வால்வுக்கும் டாக்சிக்கும் பணம் கொடுத்து மன்னிப்புக் கேட்டதால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சட்டம் முதலிலிருந்தே என் பக்கம்தான் இருந்தது, அதுதான் வருத்தம். 2000-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்து விதிகளின்படி, தனியார் வீடானாலும் வாகனம் போய்வரும் வாசலை மறித்து நிறுத்தக் கூடாது. அபராதம் எழுதுவது போக்குவரத்து அதிகாரியின் வேலை, நம் வேலை இல்லை. பிறகு என் வீட்டு கேட்டும் காரின் நம்பர் பிளேட்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி, தேதி நேரத்தோடு படம் எடுக்க ஆரம்பித்தேன். போன் பண்ணிய முதல் இரண்டு முறை யாரும் வரவில்லை. மூன்றாவது முறை வந்த அதிகாரி ஒரே நேரத்தில் இரண்டு காருக்குச் சீட்டுப் போட்டார். வாடிக்கையாளர்களே எதிர்வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டார்கள். அதோடு நின்றது. நாங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

மிட்ராண்டிலிருந்து (ஜோகன்னஸ்பர்க் பக்கம்):

நான் இருப்பது காம்ப்ளெக்ஸ், ஒரே வளாகத்துக்குள் பல வீடுகள். இங்கே உள் சாலை முனிசிபாலிட்டியுடையது இல்லை, எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது. அதனால் முதலில் போக வேண்டியது டிரஸ்டிகளிடம், அதாவது வளாகத்தை நிர்வகிக்கிறவர்களிடம். அவர்களுடைய எழுத்து அனுமதி இல்லாமல், வண்டிக்கென்று ஒதுக்கிய இடம் தவிர மற்றப் பொது இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பொதுவான நடத்தை விதிகளிலேயே இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும் விலக்கு. எங்கள் டிரஸ்டிகளில் ஒருவர்தான் மறித்து நிறுத்தியவர்! அதனால் சமூகக் குடியிருப்புகளுக்கான குறைதீர்ப்பு அமைப்புக்கு மனு எழுதினேன். அங்கே முதலில் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் விசாரித்து ஆணை போடுவார்கள். மனு போனது தெரிந்ததும் அவரே வண்டியை மாற்றிக்கொண்டார். வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றை மறக்காதீர்கள், ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் வீட்டு உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மறுபடியும் சாட்ஸ்வொர்த்திலிருந்து:

பீனிக்ஸ் அண்ணா, அந்த நர்ஸைப் பற்றி எழுதினீர்களே, அதைப் படித்ததும் மனசு கனத்தது. எனக்கும் ஒரு விடியற்காலையில் ஆணி எடுத்துக் கீறலாமா என்று தோன்றியதுண்டு.

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே கார், உள்ளே இன்னொன்றுக்கும் இடம் இருந்தது, அதை இரண்டு வருஷமாக நானும் யோசிக்கவில்லை. இப்போது இரவில் பக்கி எங்கள் கேட்டுக்குள் முன்னால் நிற்கும், எங்கள் கார் அதற்குப் பின்னால். காலையில் நாங்களே பக்கியை வெளியே எடுத்துவிட்டுக் கிளம்புவோம். அவன் தூங்குவான். ஆயா போன வருஷம் காலமாகிவிட்டார். கற்பூர டப்பாவில் இருந்த அந்தச் சாவி இப்போது எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது.