சரோஜாதேவி அம்மா: நம்ம பக்கத்து ஆட்களின் நினைவுகள்

ஓசூர் மகள்:
2025 ஜூலை 14, நடிகை சரோஜாதேவி இறந்த செய்தி வந்ததும் நானும் அம்மாவும் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். கூட்டத்தைப் பற்றி எழுதவில்லை, எல்லோரும் டிவியில் பார்த்ததுதான். வரிசை நகர்ந்து அவர் முகம் தெரிந்ததும் அம்மா கும்பிடவில்லை. "ஹோகி பா அக்கா" (போய் வா அக்கா) என்று சத்தமாகச் சொன்னார். அம்மா கர்நாடகத்து ஆனேக்கல்லில் இருந்து வாக்கப்பட்டு வந்தவர். அவர் பேசும் தமிழைக் கேட்டுப் பாட்டி சிரிக்கும்போதெல்லாம், "சரோஜாதேவி இப்படிப் பேசினா மட்டும் காசு கொடுத்துப் பார்க்கிறீங்களே அத்தை" என்பார். பாட்டிக்குப் பதில் வராது. எங்கள் முன்னால் அம்மா கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்று கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது.

பாலக்கோடு ரசிகன்:
டென்ட் கொட்டாயில் நாடோடி மன்னன். 1958இல் வந்த படம், எங்கள் ஊருக்கு எத்தனையாவது முறையோ. சரோஜாதேவி பாதிப் படத்துக்கு மேல்தான் வருவார், எம்ஜிஆர் ரசிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த இடம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கொட்டாய் ஒழுகுகிறது, மணலெல்லாம் சேறு, ஒருவரும் எழவில்லை. அப்பா தோளில் இருந்த துண்டை என் தலையில் போட்டார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. சரோஜாதேவி கல்யாணத்தோடு சினிமாவை விட்டுவிட்டாரே என்று அப்பா கடைசி வரை வருத்தப்பட்டார்.

கிருஷ்ணகிரி அக்கா:
பாலக்கோடு தம்பி, அது தவறு. 1967இல் இன்ஜினியர் ஸ்ரீஹர்ஷாவைக் கட்டிக்கொண்ட பிறகும் நடித்தார். பத்மஸ்ரீ வாங்கியதே 1969இல். கணவர் 1986இல் இறந்தார், அதற்கப்புறமும் நடிக்க வந்தார். 1992இல் பத்மபூஷண். 2009இல் ஆதவனில் சூர்யாவோடு பார்த்திருப்பீர்களே! கல்யாணம் ஆனதும் ஒரு நடிகையின் கணக்கை முடித்துவிடுவது நம் ஆட்களின் பழக்கம்.
எனக்கு ஏன் உறைக்கிறது என்றால், என் வீட்டுக்காரர் போனபின் மாங்கூழ் கம்பெனி வேலைக்குக் கிளம்பிய அன்று பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ஊர் என்ன சொல்லும் என்றார். உள்ளேயிருந்து நாத்தனார் குரல் வந்தது: "சரோஜாதேவியே திரும்ப நடிக்க வந்துட்டாங்க, இவ வேலைக்குப் போனா என்ன?" பெரியம்மா நகர்ந்துவிட்டார். சொத்துத் தகராறில் இப்போது நாத்தனாரோடு பேச்சில்லை. ஆனாலும் அந்தக் குரல் மறக்கவில்லை.

தர்மபுரி வாத்தியார்:
அவர் கண்கள் தானம் செய்யப்பட்டதாகப் படித்த கையோடு நானும் மனைவியும் எழுதிக் கொடுத்தோம். மகன் அன்று சாப்பிடவே இல்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இங்கே எழுதுகிற எல்லோருக்கும் சொல்கிறேன், செய்யுங்கள். கையெழுத்து மட்டும் போதாது, வீட்டாரிடம் பேசி வையுங்கள், கடைசியில் சம்மதம் தர வேண்டியவர்கள் அவர்கள்தான். உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர்கள், கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள், சர்க்கரை உள்ளவர்களும் கொடுக்கலாம். முகம் விகாரமாகாது. என் மகன் பயந்தது அதற்குத்தான்.

ஓசூர் மகள்:
ஐயா, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் முடியாது என்றே நினைத்திருந்தார். படிவம் எங்கே வாங்குவது?

தர்மபுரி வாத்தியார்:
அரசு மருத்துவமனையில் கண் பிரிவில் கேளும்மா. நீயும் கூடவே போ.