கவுண்டர்மார்க், சாப்மார்க்: தமிழில் என்ன?

அன்புள்ள குழுமத்தார்க்கு,

ஜப்பானிய வெள்ளி யென் பற்றிய கண்காட்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கவுண்டர்மார்க், சாப்மார்க் இரண்டையும் வரைவில் 'முத்திரை' என்றே போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டால் படிப்பவர் விலையில் ஏமாறுவார்.

முன்னது அரசு குத்தியது. 1897இல் ஜப்பான் தங்க அளவைக்கு (பண மதிப்பைத் தங்கத்தால் அளக்கும் முறைக்கு) மாறியபின், தைவான் போன்ற இடங்களில் புழங்க விட்ட வெள்ளி யென்களில் சிறு வட்டத்துக்குள் 'கின்' (வெள்ளி) என்ற எழுத்தைக் குத்தினார்கள். இலைமாலை வளையத்துக்குள் 'ஒரு யென்' என்றிருக்கும் பக்கத்தில் பாருங்கள்: இடப்புறம் இருந்தால் ஒசாகா, வலப்புறம் இருந்தால் டோக்கியோ. பின்னது சீனத்துச் சராப்புகள் (காசைச் சோதித்து மாற்றிக் கொடுப்பவர்கள்) வெள்ளி சரிதான் என்று தட்டியது. ஒரே காசில் ஏழெட்டுகூட இருக்கும். முன்னதைத் தனி வகையாகச் சேர்க்கிறார்கள். பின்னது பெரும்பாலும் விலையை இறக்கும்.

– செ.

*

> இரண்டையும் 'முத்திரை' என்றே

முன்னதற்கு 'மேல்முத்திரை', பின்னதற்கு 'சராப்பு முத்திரை'. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். வேலை முடிந்தது.

– கு.

*

முடியவில்லை ஐயா. நம் தொல்லியலார் பழைய வெள்ளிக் காசுகளை 'முத்திரைக் காசு' என்கிறார்கள். அவற்றில் குத்துதான் காசின் உருவமே. இங்கோ அடித்து முடித்த காசின் மேல் பிறகு விழுந்த குத்து. ஒரே சொல்லை வைத்தால் மாணவர் யென்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுவார்.

'பொறி' இருக்க முத்திரை எதற்கு? புலிப்பொறி, விற்பொறி எல்லாம் இதே செயல்தானே. 'மறுபொறி' என் வாக்கு. சராப்பு அரபுச் சொல். நாணயம் நோட்டம் பார்ப்பவனுக்குச் சங்கத்திலேயே 'வண்ணக்கன்' இருக்கிறான். புலவர் வடம வண்ணக்கன் பேரிசாத்தனாரை மறந்துவிட்டோமா? ஆகவே சாப்மார்க், 'வண்ணக்கர் பொறி'.

– ந.

*

'மறுபொறி' என்றால் என் மாணவர்கள் இன்னொரு இயந்திரம் என்பார்கள். வண்ணக்கர் என்றால் பெயின்ட் அடிப்பவர் என்பார்கள். சங்கம் இருக்கட்டும், கையேட்டை வாங்குகிறவர் யார் என்று பாருங்கள்.

– கு.

*

ஒரு சிறு விலகல். ஆங்கிலத்தின் 'சாப்' இந்தியின் 'சாப்'பிலிருந்து போனது. துணியில் குத்துவதை நாம் 'சாப்பா' என்கிறோமே, அதுவும் அதே வேர்தான். ஆக சாப்மார்க்குக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்: 'சாப்பா'. அச்சைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'சாப்' இதனோடு எப்படி உறவு என்று பார்த்தால்

*

அந்த உறவை வேறு இழையில் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

– செ.

*

சொல்லை முடிவு செய்யுமுன் பொருளைக் கவனியுங்கள். உண்மையான 'கின்' குத்து உலோகத்தை அமுக்கும். அதற்கு நேர் பின்னே, டிராகன் பக்கத்தில், செதில் கொஞ்சம் தட்டையாகிவிடும். போலி அச்சில் குத்தையும் சேர்த்தே வடித்திருப்பார்கள், அதனால் பின்புறம் செதில் கலையாமல் இருக்கும். ஜப்பானியப் பேரரசர் ஆட்சியாண்டுக் கணக்கில் மெய்ஜி 34 (1901) முதலான ஆண்டுக் காசில் இந்தக் குத்து இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், குத்தும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆண்டைக் கணக்கிட மெய்ஜி எண்ணோடு 1867ஐக் கூட்டுங்கள்; அடுத்த ஆட்சியான தாய்ஷோவுக்கு 1911.

வெள்ளி யென்னின் எடை 26.96 கிராம், 900 மாற்று (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி). தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, காசை நூலில் கட்டித் கோப்பையின் அடியைத் தொடாமல் முக்கினால் ஏறத்தாழ 2.6 கிராம் காட்ட வேண்டும். 3 காட்டினால் வெள்ளி இல்லை. '420 கிரெயின்' (கிரெயின் ஒரு சிறு எடையளவு) என்று எழுதிய ஜப்பானிய வணிக டாலர் (1875-77) மட்டும் 27.22 கிராம், அதை யென் என்று எண்ணி எடை கூடுதல் என ஒதுக்காதீர்கள். யென்னில் 416 என்றிருக்கும்.

1874, 1875 யென்கள் அரியவை, ஆகவே போலியும் அவற்றில்தான் மிகுதி. 1870 யென்னில் 'யென்' எழுத்தின் உள்ளுறுப்பு வடிவை வைத்தே வகை பிரிக்கிறார்கள். பத்து மடங்குப் பூதக்கண்ணாடி இல்லாமல் விலை பேசாதீர்கள். மெய்ஜி 13இன் 50 சென் (அரை யென்) 179 காசுதான் அடித்தார்கள். யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

பெயருக்கு என் பரிந்துரை: அரசுக் குத்து 'மேற்குத்து', சராப்புக் குத்து 'சராப்புக்குத்து'. குத்து என்ற சொல்லிலேயே அமுங்கல் இருக்கிறது. முத்திரை காகிதத்திலும் விழும்.

– த.

*

> மேற்குத்து

கேட்க அடிதடி போல இருக்கிறது. ஆனாலும் என் வாக்கு அதற்கே, பொருள் பிடிபடுகிறது.

– கு.

*

'மேற்குத்து'க்கு ஆதரவு ஐந்து, 'மறுபொறி'க்கு ஒன்று, 'சாப்பா'வுக்கு ஒன்று. கையேட்டில் மேற்குத்து, சராப்புக்குத்து என்று போடுகிறேன். சொல்லடைவில் சாப்பாவையும் தருகிறேன்.

– செ.

*

பதிவுக்காக: மேற்குத்து என்றால் மேற்புறத்தில் குத்தியது என்றுதான் முதலில் தோன்றும். 'கின்' விழுவதோ டிராகன் இல்லாத பக்கத்தில். காசின் முகம் எது என்றே இன்னும் ஒத்துக்கொள்ளாத நாம் 'மேல்' என்று எதைச் சொல்கிறோம்? மறுபொறியைத் திரும்பப் பெறவில்லை.

– ந.