தாய்க்கப்பலில் தங்கி நான்கு நாள் கயாக் மீன்பிடிப்பு: கிளம்பும் முன் சில ஐயங்கள்

துடுப்புக்காரன்:

நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் அறுவர். பல ஆண்டுகளாக ஏரிகளிலும் கழிமுகங்களிலும் கயாக் எனும் துடுப்புப் போட்டுச் செலுத்தும் சிறு படகில் அமர்ந்து தூண்டில் போட்டுவருகிறோம். இம்முறை நான்கு இரவுகள் ஒரு தாய்க்கப்பலிலேயே தங்கி, கரையிலிருந்து துடுப்புப் போட்டு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத பாறைத்திட்டுகளில் மீன்பிடிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கயாக்குகள் கப்பலின் மேல்தளத்தில் வரும். விடியலில் இறக்கி, நண்பகலில் ஒருமுறை ஏறி இளைப்பாறி, மாலையில் மறுபடியும் இறங்குவதாகத் திட்டம்.

தூண்டில், ரீல், இரை பற்றியெல்லாம் எங்களுக்குக் குழப்பமில்லை. கப்பலின் ஓரத்திலிருந்து கயாக்கில் இறங்குவதும், அதைவிட முக்கியமாகத் திரும்ப ஏறுவதும் எப்படி என்பதுதான் முதல் ஐயம். கப்பலைவிட்டு எவ்வளவு தொலைவு போகலாம் என்பது இரண்டாவது. நான்கு நாள் பிடிக்கும் மீனைக் கெடாமல் காப்பது மூன்றாவது.

இவற்றுக்கு மேல் எங்களுக்குள்ளேயே ஒரு வழக்கு இருக்கிறது. யாரும் தனியே போகக்கூடாது, வானொலியில் அழைத்தால் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும் என்று கப்பல் தலைவர் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருக்கிறார். எங்களில் இருவர், "பக்கத்திலேயே அவ்வளவு பெரிய கப்பல் நிற்கும்போது இத்தனை கெடுபிடி எதற்கு?" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் பாதி மனம் அவர்கள் பக்கம்தான்.

நெடுங்கடல்:

உங்கள் வழக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

கயாக்கில் அமர்ந்திருப்பவரின் கண், நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அலையே இல்லாத கடலில்கூட அவருக்கு அடிவானம் மூன்று கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும். கப்பல் உயரமானது என்பதால் அதற்கு அப்பாலும் அதன் மேற்பகுதி அவருக்குத் தெரியும். ஆனால் கப்பலின் தளத்தில் நின்று உங்களைத் தேடுபவருக்குத் தெரியவேண்டியது ஒரு தலையும் இரண்டு தோள்களும் மட்டுமே; ஒரு மீட்டர் அலை எழுந்தால் அவையும் பாதி நேரம் பள்ளத்தில் மறைந்திருக்கும், நீங்கள் சூரியன் இருக்கும் திசையில் இருந்தாலோ ஒரு கிலோமீட்டரிலேயே காணாமல் போய்விடுவீர்கள். உங்களுக்குக் கப்பல் தெரிகிறது என்பதால் கப்பலுக்கு நீங்கள் தெரிகிறீர்கள் என்று பொருளில்லை. இதை அந்த இரு நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். திரும்பும் நேரத்தில் கணக்கிடுங்கள். மீன்பிடிக் கயாக் அகலமானது, கனமானது. சுமையோடு அதை நெடுநேரம் மணிக்கு மூன்று கடல்மைல் (ஒரு கடல்மைல் என்பது 1.85 கி.மீ.) வேகத்தில் செலுத்தினாலே நல்ல கைதான். நீரோட்டம் ஒன்றரைக் கடல்மைல் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தோடு போனால் இரண்டு கடல்மைல் தொலைவை அரை மணிக்குள் கடந்துவிடலாம். அதே தொலைவை ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பக் கடக்க ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். அதுவும் காற்று ஒன்றும் செய்யாதிருந்தால்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அது உடலையும் கயாக்கையும் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு பயணத்தின் இரண்டாம் நாள் காலையில், நீரோட்டத்தோடு மெல்ல மிதந்தபடி ஜிக் எனும் கனமான உலோகப் போலி இரையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். பாரை ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. தலைநிமிர்ந்தபோது கப்பல் ஒரு விரல்நகம் அளவு இருந்தது. ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டேன், அது விரல்நகமாகவே இருந்தது. கடைசியில் வானொலியில் அழைத்து, கப்பலின் சிறு படகு வந்து கட்டி இழுத்துச் சென்றது. கோளாறு எதுவும் இல்லை, கயாக் கவிழவில்லை, வானிலை மாறவில்லை. நல்ல மீன் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே காலையில் முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள். களைத்தபின் ஓட்டமே உங்களைக் கப்பலின் பக்கம் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும் ஓதம் உள்ள கடலாக இருந்தால், ஏறக்குறைய ஆறு மணிக்கொருமுறை ஓட்டம் திசை மாறும். பெரும்பாலான இடங்களில் அதன் நடுப்பகுதியான மூன்றாம், நான்காம் மணிகளில்தான் அது மிக வேகமாக ஓடும். பாறைகளும் தீவுகளும் இந்தக் கணக்கை முன்பின்னாக மாற்றிவிடும் என்பதால், அந்த இடத்தின் ஓட்டத்தைக் கப்பல் தலைவரிடம் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்கு அடக்கமான, இருபுறமும் பேசக்கூடிய வி.எச்.எஃப். வானொலி ஆளுக்கொன்று வேண்டும். அது லைஃப் ஜாக்கெட்டில் இருக்கவேண்டுமே தவிரக் கயாக்கில் இருக்கக்கூடாது. நீங்களும் கயாக்கும் பிரிந்தபின்தான் அது உங்களுக்குத் தேவைப்படும். ஐந்து வாட் கருவி என்றாலும் அதன் அலை நேர்க்கோட்டில் போவது. கப்பலின் ஆன்டெனா உயரத்தில் இருப்பதால் பல கடல்மைல் தொலைவிலிருந்தும் உங்கள் குரல் அதை எட்டும். கயாக்கிலிருந்து கயாக்குக்கோ இரண்டு மூன்று மைலிலேயே பேச்சு தடுமாறத் தொடங்கிவிடும். 16ஆம் சேனல் ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது. உங்கள் அரட்டைக்குத் தலைவர் சொல்லும் வேறு சேனலைப் பயன்படுத்துங்கள்.

இனி ஏறுவது. காற்று மறைவான பக்கமாக, பின்புறமிருந்து மெல்ல அணுகுங்கள். கப்பலின் எஞ்சின் ஓடினாலும் கியர் விடுபட்டிருக்கிறது என்று தளத்திலிருப்பவர் கையசைத்துச் சொல்லும்வரை பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். பெடல் கயாக் என்றால் அடியில் உள்ள துடுப்புத் தகடுகளை முன்னரே மடக்கிவிட வேண்டும். கயாக்கின் அணியத்தில் (முன்முனையில்) கட்டிய கயிற்றை முதலில் கொடுங்கள். பிறகு ராடுகள் (தூண்டில் கோல்கள்), பிறகு மீன் பை, கடைசியாக நீங்கள். கப்பலின் பின்மேடையும் கயாக்கும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. மேடை கீழே வரும்போது கால் வைக்கத் தோன்றும். அப்போது வைத்தால் மறுகணமே அது உங்களைத் தூக்கி எறியும். கயாக் அலையின் உச்சிக்கு ஏறி, மேடையும் அதுவும் ஒரு நொடி சமமாக நிற்கும் தருணத்தில் எழுந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பின்னால் பாராமல் ஏறிவிடுங்கள். கயாக்குக்கும் கப்பலுக்கும் நடுவே கையையோ காலையோ ஒருபோதும் விடாதீர்கள்.

கிளம்பும் முன் ஆறு பேரும், முழு உடையோடும் லைஃப் ஜாக்கெட்டோடும், கால் எட்டாத ஆழத்தில் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி ஏறிப் பழகுங்கள். இதைச் செய்யாதவரை நான் என் குழுவில் சேர்ப்பதில்லை.

பழைய நங்கூரம்:

நெடுங்கடல் ஐயா சொன்னதில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். புதிதாகக் கடலுக்கு வருபவர்கள் ராடு, துடுப்பு, இடுக்கி, பெட்டி என்று எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கவிழ்ந்தால் பொருள் மிஞ்சும், உண்மைதான். ஆனால் கவிழ்ந்த கயாக்கின் அடியில் ஆறு கயிறுகளும், அறுக்க முடியாத பின்னல் தூண்டில் நரம்பும் காலைச் சுற்றினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். துடுப்பையும், அதிக விலையுள்ள ஒரே ஒரு ராடையும் கட்டுங்கள். மற்றவை போனால் போகட்டும். ஒரு கையாலேயே உருவக்கூடிய கத்தி மார்புப் பக்கம் இருக்கட்டும்.

இருவர் இருவராகப் போவது என்ற விதியைப் பெயரளவில் கடைப்பிடிப்பவர்களே அதிகம். ஒருவர் பாறையின் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் இருந்தால் அது இணை அல்ல. கத்திக் கூப்பிட்டால் கேட்கும் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்கு பழகியவரோடு புதியவரைச் சேருங்கள். கெடுபிடி எதற்கு என்று கேட்கும் அந்த இரண்டு வீரர்களையும் ஒன்றாக விடாதீர்கள்.

ஒரு பழைய செய்தியும் நினைவுக்கு வருகிறது. தாய்க்கப்பலிலிருந்து சிறு கலங்களை இறக்கித் தூண்டில் போடுவது ஒன்றும் நம் காலத்துப் பொழுதுபோக்கு அல்ல. கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள கிராண்ட் பேங்க்ஸ் மேட்டுக்கடலில், போர்ச்சுகல் நாட்டுப் பாய்க்கப்பல்கள் 1970கள் வரை இப்படித்தான் காட் மீன் பிடித்தன. தட்டையான அடியுள்ள தோரி எனும் படகுகளைத் தளத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் செல்வார்கள். ஒரு தோரியில் ஓர் ஆள்தான். அவர்களுக்குப் புயலைப் போலவே மூடுபனியும் அச்சம் தந்தது. கப்பல் இருக்கும் திசையை ஒலியை வைத்துத்தான் அறிய வேண்டியிருந்தது. வழிதவறித் திரும்பாமலே போனவர்களும் உண்டு. இன்று நம் கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அதில் கப்பலின் இடத்தைக் காலையில் பதிந்துகொள்ள மறப்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். கப்பல் நண்பகலில் நங்கூரத்தை மாற்றினால் அந்தப் பதிவும் பயனற்றுப்போகும் என்பதால், இடம் மாறும்போது அறிவிக்குமாறு தலைவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

செவுள்:

மீனைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துக் கயாக்கின் ஓரம் நீரில் தொங்கவிடும் வழக்கம் ஏரியோடு போகட்டும். கடலில் அது சுறாவுக்கு எழுதும் அழைப்பிதழ். செவுளை வெட்டி இரத்தம் வடிய விடுவது அவசியம்தான். அதை மீன் பைக்குள்ளேயே செய்யுங்கள். பையில் முதலிலேயே இரண்டு பங்கு ஐஸும் ஒரு பங்கு கடல்நீரும் கலந்து வைத்திருந்தால், அந்தக் கூழ் சுழிய டிகிரி செல்சியசுக்கும் சற்றுக் கீழே குளிர்ந்து, மீனை எல்லாப் பக்கமும் தழுவிக்கொள்ளும். வெறும் ஐஸ் கட்டிகளின் மேல் கிடத்துவதைவிட மிக விரைவாகக் குளிர்விக்கும்.

இந்த விரைவு சுவைக்காக மட்டும் அல்ல. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் தசையில் ஹிஸ்டமினை உருவாக்குகின்றன. அது உருவானபின் வேகவைத்தாலும் உறையவைத்தாலும் நீங்காது. முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வயிற்றுப்போக்கும் வரும். நண்பகல்வரை காத்திராமல், சிறு படகு சுற்றிவரும்போதெல்லாம் மீனை அதில் கொடுத்தனுப்பிக் கப்பலின் குளிர்பெட்டிக்குள் சேர்த்துவிடுங்கள்.

வெப்பக் கடலின் பவளப்பாறைகள் என்றால் இன்னொன்றும் உண்டு. பாறைமேல் வளரும் நுண்பாசியிலிருந்து தொடங்கும் சிகுவாட்டெரா நஞ்சு, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கு ஏறி, பெரிய ஊழி, களவா போன்றவற்றில் திரளும். அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. சமைப்பதால் அழிவதும் இல்லை. எந்தத் திட்டில் எந்த மீனை உண்ணக்கூடாது என்பதை அந்தக் கடலில் தொழில் செய்பவரே சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். ஆழத்திலிருந்து வந்த மீன் காற்றுப்பை உப்பி மேலேயே மிதந்தால் அதை ஊசியால் குத்தாமல், எடை கட்டிய இறக்கும் கருவியால் பிடித்துக் கீழே அனுப்புங்கள்.

தூண்டில் முள்ளின் எதிர்முனையை (நுனிக்குப் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியை) இடுக்கியால் நசுக்கிவிடுவதும் நல்லது. மருத்துவமனை இல்லாத இடத்தில் அந்த முள் மீனின் வாயில் மட்டுமே ஏறும் என்று உறுதி சொல்ல முடியாது.

துடுப்புக்காரன்:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஆறு பேரும் ஏரியின் நடுவே போய்க் கவிழ்த்துப் பார்த்தோம். நால்வர் முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டோம். கெடுபிடி எதற்கு என்று கேட்ட இருவரில் ஒருவர் ஐந்து முறை முயன்றும் ஏற முடியவில்லை. மார்புப் பையில் திணித்திருந்த இரைப்பெட்டிகள் கயாக்கின் விளிம்பில் இடித்துத் தடுத்தன. கடைசியில் அவரைக் கரைக்கு இழுத்துவந்தோம். வழிநெடுக அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு தலைவரின் விதித்தாளில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். பெட்டிகளைக் கழற்றிவிட்டு அடுத்த வாரம் மறுபடி பழகப் போகிறோம்.

மீதியிருப்பது ஒரே கேள்வி. இருட்டியபின் கயாக்கில் இறங்கலாமா?

நெடுங்கடல்:

முதல் பயணத்தில் வேண்டாம். கப்பலின் விளக்கொளிக்குச் சிறு மீன்களும், அவற்றைத் தேடிப் பெரிய மீன்களும் தாமாகவே வரும். தளத்திலிருந்தபடியே தூண்டில் போடுங்கள். அந்தி சாயும்போது எதிர்பாராமல் வெளியில் மாட்டிக்கொண்டால் உதவட்டும் என்று எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றைக் கயாக்கில் வைத்திருங்கள். குமட்டல் வருபவர்கள் மாத்திரையை முதல் நாள் இரவே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றத் தொடங்கியபின் அது வயிற்றில் தங்காது.

உங்கள் நண்பரைக் கேலி செய்யாதீர்கள். நானும் முதன்முறை ஏற முடியாமல் இழுத்துவரப்பட்டவன்தான்.

இன்னொன்று. தளத்தில் ஏற்றியதும் கயாக்கின் உள்ளே தேங்கிய நீரை வடிக்க அடைப்பானைக் கழற்றுவீர்கள். மறுநாள் விடியலில், தூக்கக் கலக்கத்தில், அதைத் திருகாமலே கடலில் இறக்கிவிடுவதும் நடக்கும். கயாக் கனக்கிறதே என்று தோன்றுவதற்குள் ஒரு கிலோமீட்டர் போயிருப்பீர்கள். கழற்றிய அடைப்பானை லைஃப் ஜாக்கெட்டின் ஜிப்பில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையில் ஜிப்பைப் போடக் கை போகும்போது அது விரலில் தட்டும்.