மறு: விமானத்தில் ‘ஸ்டால்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

பத்து நாளாக இந்த இழையை வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டவர் பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்கான கையேட்டுக்காகக் கேட்டார். பரிந்துரைகள் ஏழெட்டு வந்துவிட்டன. நான் மொழியறிஞன் இல்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை என் விமானமே ஸ்டால் ஆகி, அதாவது சிறகு தூக்கிப் பிடிக்கும் சக்தியைச் சட்டென்று இழந்து, விழுந்து மூக்கு உடைந்தது. (விமானத்தின் மூக்கு.) அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கு அப்புறம் வரலாம்.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது பால்சா மரத்தில் மாதிரி விமானம் செய்து, இரண்டு கம்பி கட்டி, நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பறக்கவிடுவோம். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றினால் ஓடும் குட்டி டீசல் எஞ்சின். அந்த வாடை சட்டையில் ஏறினால் இரண்டு சலவைக்கும் போகாது. விரலால் புரொப்பல்லரைத் தட்டித்தான் கிளப்ப வேண்டும். என் வலது ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் ஒரு நண்பரோடு பங்கு போட்டு ரேடியோ கருவி வாங்கி இரண்டு வருடம் பறக்கவிட்டேன். வேலை, கல்யாணம், இடமாற்றம் என்று அதோடு நின்றுபோனது.

ஓய்வு பெற்ற மறு வருடம் மகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். நுரையில் வார்த்த விமானம், சிறகு மேலே உட்கார்ந்த பயிற்சி ரகம், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எண்ணெய் இல்லை, வாடை இல்லை. லித்தியம் பேட்டரியைச் செருகினால் மோட்டார் முனகுகிறது. அந்தக் காலத்தில் பக்கத்தில் இன்னொருவர் அதே அலைவரிசையில் கருவியைப் போட்டுவிட்டால் நம் விமானம் நம்முடையதாக இருக்காது. இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் எத்தனை பேர் பக்கத்தில் நின்றாலும் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் சுலபமாகிவிட்டது, என் கண்ணையும் கையையும் தவிர. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. நூறு மீட்டர் தள்ளிப் போனால் விமானம் வருகிறதா போகிறதா என்றே தெரியவில்லை. அதனால் சிறகின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். கறுப்பு தெரிந்தால் வயிறு, வெள்ளை தெரிந்தால் முதுகு. வீட்டில் இதற்குப் பெயர் ‘தாத்தா பொம்மை’.

நெல்லைக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் குளம். ஆடியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மேற்கே கணவாய் வழியாக வரும் காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது என் விதி. அன்றைக்கு ஏழேகால் ஆகிவிட்டது.

இறக்குவதற்காகக் காற்றோடு கிழக்கே ஓட்டிக்கொண்டு போனேன். வழக்கத்தைவிட வேகமாகப் போவதுபோலத் தெரிந்தது. பயந்துபோய் மோட்டாரைக் குறைத்தேன். இங்கேதான் தப்பு. தரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவது தரை வேகம். சிறகுக்குத் தெரிந்ததெல்லாம் காற்றுக்குள் தன் வேகம் மட்டும். கணக்குக்காகச் சொல்கிறேன்: காற்று மணிக்கு 25 கிலோமீட்டர், விமானத்தின் சொந்த வேகம் 40 என்றால் என் கண்ணுக்கு 65 தெரியும். நான் அதை 45 ஆக்கினேன். சிறகுக்கு மிஞ்சியது 20. அந்த நிலையில் மேற்கே திருப்பினேன், திரும்பும்போது மூக்கு தாழ்கிறதே என்று, அதைத் தூக்க, கையிலிருந்த ரேடியோ கருவியின் குச்சியை இழுத்தேன். உட்பக்கச் சிறகு சட்டென்று தொங்கியது. விமானம் அரைச் சுற்றுச் சுற்றி மூக்கால் பாளத்தில் குத்தியது.

பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு, எனக்குக் கூடமாட வருபவன். ஓடிப்போய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டான்: “மோட்டார் நின்னுபோச்சா தாத்தா?”

“இல்லடா, ஸ்டால் ஆயிருச்சு.”

“ஸ்டால்னா டீக்கடைதான?”

இந்த இழைக்கு நான் வந்தது அந்தக் கேள்வியால்தான். அவன் கேட்டது நியாயம். டீ ஸ்டால், புத்தகக் கண்காட்சி ஸ்டால் என்று அந்த எழுத்துக்கூட்டலை நாம் ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்துவிட்டோம். ‘அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிடலாம்’ என்ற நண்பருக்கு என் பதில் இதுதான்.

அடுத்தது இது:

> ‘நின்றுபோதல்’ போதுமே. ஆங்கிலத்திலும் கார் நின்றால் அதே சொல்தானே?

அதனாலேயே வேண்டாம் என்கிறேன். ஆங்கிலக்காரர்களே இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘விமானம் ஸ்டால் ஆனது’ என்று செய்தி வந்தால் பாதிப் பேர் எஞ்சின் நின்றுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தமிழில் வண்டி நின்றால் ‘ஆஃப் ஆயிருச்சு’ என்கிறோம். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. இல்லாததை ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? என் மோட்டார் தரையில் முட்டும்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் நல்ல சாட்சி ஓட்டோ லிலியென்தால். ஜெர்மனியில் 1896 ஆகஸ்டில் அவர் பறந்த கிளைடரில் எஞ்சினே கிடையாது. மூக்கு மேலே தூக்கி, ஸ்டால் ஆகி, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மறுநாள் இறந்துபோனார். நின்றுபோக அங்கே என்ன இருந்தது?

உண்மையில் நடப்பது என்ன? சிறகின் வளைந்த மேல்பரப்பை ஒட்டிக்கொண்டு காற்று ஓடும்வரை அது விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. மூக்கு ஏற ஏறத் தூக்கலும் ஏறும், ஓர் எல்லைவரை. சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் காற்று மேல்பரப்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு சுழலாகிவிடும். தூக்கல் மளமளவென்று குறையும். பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி உள்ளங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கை ஜம்மென்று மேலே ஏறும், இன்னும் சாய்த்தால் ஒரு கட்டத்தில் ஏறுவது போய்ப் பின்னால் தள்ளும். (கண்டக்டர் திட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.) வேகம் குறைந்தால் அதே எடையைத் தாங்க மூக்கை இன்னும் தூக்க வேண்டிவரும், கோணம் எல்லையைத் தாண்டிவிடும். ஆனால் வேகம் குறைவதால் மட்டும் வருவதில்லை இது. நன்றாகச் சாய்த்து இறுக்கித் திருப்பினால் அதிக வேகத்திலும் வரும். 60 டிகிரி சாய்வில், உயரம் குறையாமல் திருப்பினால், சிறகின் மேல் சுமை இரண்டு மடங்கு, ஸ்டால் ஆகும் வேகம் 41 சதவீதம் கூடிவிடும்.

பேராசிரியர் அம்மா சொன்ன ‘சோர்வு’ எனக்கு மிகவும் பிடித்தது. ‘சிறகு சோர்ந்தது’ என்று சொல்லும்போதே கவிதை மாதிரி இருக்கிறது. ஆனால் உலோகம் திரும்பத் திரும்பச் சுமை தாங்கி விரிசல் விடுவதையும் உலோகச் சோர்வு என்றுதான் எழுதிவருகிறோம். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் விழுந்தது அந்தச் சோர்வால். ஒரே கையேட்டில் இரண்டு சோர்வும் வந்தால் பையன்கள் பாடு திண்டாட்டம். ‘துவள்வு’ என்றவருக்கும் அதே மாதிரிதான்: என் நுரைச் சிறகு உண்மையிலேயே துவளும், அது வேறு சங்கதி. ‘நிலைதடுமாற்றம்’ ரொம்பப் பொது. என்னுடைய எல்லாப் பறத்தலுக்கும் பொருந்தும். ‘உயர்த்துவிசை இழப்பு’ பிழையில்லை, ஆனால் விமானம் விழுந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் கத்துகிற நீளத்தில் அது இல்லை.

எனக்கு வழி காட்டியது யாழ்ப்பாணத்து ஐயா போகிற போக்கில் எழுதிய வரி:

> எங்கட பக்கம் பட்டத்துக்கு முச்சை கட்டேக்க கோணம் பிழைச்சால் காத்துப் பிடிக்காது, குத்தத் தொடங்கிடும்.

ஐயா, இதைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். சென்னைப் பையன்கள் சூத்திரம் என்பது உங்களுக்கு முச்சை. பெயர் வேறு, சங்கதி ஒன்றே. நூலைக் கட்டும் விதம்தான் பட்டம் காற்றைச் சந்திக்கும் கோணத்தைத் தீர்மானிக்கிறது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறவர்கள் எந்தப் பாடப் புத்தகமும் இல்லாமல் இதைக் கையால் அறிந்திருக்கிறார்கள். பட்டம் எழும்பினால் ‘காத்துப் பிடிச்சிட்டுது’, எழும்பாவிட்டால் ‘காத்துப் பிடிக்கேல்லை’. நெல்லையிலும் நாங்கள் ‘காத்து பிடிக்கல’ என்றுதான் சொல்வோம்.

அப்படியானால் பிடித்த காற்று விட்டுப்போவதற்குப் பெயர்? ‘பிடிவிடல்’.

பேச்சில் ‘பிடி விட்டுப்போச்சு’. எழுத்தில் ‘சிறகு பிடிவிட்டது’. கூட்டுச் சொல்லுக்கும் வளைந்து கொடுக்கிறது: பிடிவிடு வேகம், பிடிவிடு கோணம், இரண்டும் சுடுநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. என் விமானத்துக்கு நேர்ந்தது ‘நுனிப் பிடிவிடல்’, சிறகின் ஓரம் முதலில் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, சொல்லே நடந்ததைச் சொல்கிறது: ஒட்டிக்கொண்டிருந்தது விட்டுவிட்டது.

நேற்று இதைத் தனிமடலில் பேராசிரியர் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கேட்டார்கள்: ‘விடுதல்’ என்றால் யாரோ வேண்டுமென்றே விடுவதாகத் தொனிக்காதா, விடுவது காற்றா சிறகா, ‘பிடிநழுவல்’ மேல் இல்லையா என்று. அம்மா, மழை விட்டது, காய்ச்சல் விட்டது, தையல் விட்டது, ஒட்டின பசை விட்டுப்போச்சு. இவற்றிலெல்லாம் விட்டவர் யார்? ஆளில்லாமலே விடுவது நம் மொழிக்குப் பழக்கம்தான். ‘நழுவல்’ நல்ல சொல், அதைப் பத்திரமாக வைத்திருப்போம். விமானம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போவதற்குத் தேவைப்படும். இன்னொருவர், பிடி என்றால் பெண் யானை என்று நினைவூட்டினார். தெரியும் ஐயா. சங்க இலக்கியத்தை விமானக் கையேட்டோடு சேர்த்துப் படிப்பவர்களுக்கு அந்த மயக்கம் வரட்டும், கெட்டுப்போகாது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கையேட்டில் எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்திலேயே என்ன செய்ய வேண்டும் என்பதையும் போடுங்கள். பிடி விட்டால் கை தானாகக் குச்சியை இழுக்கும், விழுகிறதே தூக்கு என்று. செய்ய வேண்டியது நேர்மாறு: குச்சியைத் தளர்த்தி மூக்கை இறக்கி, மோட்டாரைக் கூட்டி, காற்று திரும்பப் பிடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். தொங்குகிற சிறகை அதன் ஓர மடலை வைத்து நிமிர்த்தப் பார்த்தால் இன்னும் கெடும், கீழே மடங்கும் மடல் அந்தப் பக்கத்துக் கோணத்தைக் கூட்டிவிடும், நிமிர்த்துவதற்கு வாலில் இருக்கும் சுக்கான். எனக்கு இது 20 வயதில் தெரியும். அறுபதில் மூளைக்குத் தெரிகிறது, கட்டைவிரலுக்குத்தான் மறந்துபோயிருக்கிறது. ஐந்தாறு பனை உயரத்தில் வைத்து வேண்டுமென்றே பிடிவிடவைத்து மீட்டுப் பழகுகிறேன், பையன் பக்கத்தில் நின்று “பிடி விடுது, பிடி விடுது” என்று கத்துகிறான். யாரும் அவனுக்கு இலக்கணம் சொல்லித்தரவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். பிடி விட்டபிறகு விமானம் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டே இறங்குகிறதே, அதற்குச் ‘சுழல்வீழ்ச்சி’ என்று ஒருவர் முன்பே எழுதியிருந்தார். சரிதான், ஆனால் கொஞ்சம் அருவி வாடை அடிக்கிறது. யாழ்ப்பாணத்து ஐயா, பட்டம் சுற்றிச் சுற்றிக் குத்துவதற்கும் நேராகத் தலைகுப்புறக் குத்துவதற்கும் உங்கள் ஊரில் தனித்தனிச் சொல் இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள்.