பிளாக் ராக் பாலைவனத்தில் ராக்கெட்டைத் தேட ஜிபிஎஸ் டிராக்கர்

கேள்வி: நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் 54 மி.மீ. விட்டமுள்ள ராக்கெட் ஒன்றை ஏவப் போகிறேன், உடல் முழுக்க கார்பன் ஃபைபர், முனைக்கூம்பு மட்டும் ஃபைபர்கிளாஸ். டிராக்கரை எங்கே வைப்பது?

பதில் 1: கூம்புக்குள்தான். கார்பன் ஃபைபர் ரேடியோ அலையை மறைத்துவிடும், ஃபைபர்கிளாஸ் விட்டுவிடும். ஆன்டெனாவை ஒட்டி உலோகத் தண்டோ பேட்டரியோ வராமல் பாருங்கள்.

பதில் 2: ஏறும்போது ஜிபிஎஸ் விட்டுப்போனால் பதற வேண்டாம், அந்த வேகத்தில் அது சகஜம், பாராசூட்டில் இறங்கும்போது பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். தரையைத் தொட்டதும் ரேடியோ தொடர்பு அறுந்துபோகலாம், அதனால் கடைசியாக வந்த இருப்பிடத்தை போனில் குறித்துக்கொண்டு அதை நோக்கி நடங்கள், கிட்டப் போகப் போக சிக்னல் மறுபடி வரும்.

கேட்டவர்: சரி, 70 செ.மீ. அலைவரிசையில் (சுமார் 430 மெகாஹெர்ட்ஸ்) இயங்கும் டிராக்கருக்கு உரிமம் வேண்டுமா?

பதில் 1: ஆமாம், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் கட்டாயம். இல்லையென்றால் 900 மெகாஹெர்ட்ஸ் டிராக்கராக வாங்குங்கள், அமெரிக்காவில் அதற்கு உரிமம் கேட்பதில்லை.