நல்ல ஆட்டக்காரனைப் போட்டிக் கழகத்துக்கே விற்கலாமா?

உவர்மலைப் பீரங்கி:
காசு தேவைப்பட்டால் ஆளை விற்கட்டும். ஆனால் அதே லீக்கில் நம்மோடு மல்லுக்கட்டும் கழகத்துக்கே ஏன் கொடுக்க வேண்டும்? 2012 ஓகஸ்டில் எங்கள் ஆர்சனல், வான் பெர்சியை 24 மில்லியன் பவுணுக்கு மன்செஸ்டர் யுனைட்டட்டிடம் கொடுத்தது. எங்களுக்கு ஒரே பருவத்தில் லீக்கில் 30 கோல் போட்ட மனுசன், அங்கே போய் 26 போட்டார். கிண்ணம் அவர்களுக்கு. அடுத்த ஏப்ரலில் அவர்கள் எங்கள் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வந்தபோது, சம்பிரதாயப்படி எங்கள் ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று சாம்பியன்களுக்குக் கைதட்டினார்கள். நடுவால் அவரும் நடந்து வருகிறார்! பிறகு பெனால்டியில் எங்களுக்கே கோலும் போட்டார். இதைவிட ஒரு மானக்கேடு உண்டா?

கிண்ணியாச் சிவப்பு:
தம்பி, கோபத்தை விட்டுக் கணக்கைப் பாருங்கள். அவருடைய ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது ஒரு வருடம். புதுப்பிக்க மாட்டேன் என்று ஜூலையிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டார். 1995இல் வந்த பொஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம், பழைய கழகத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. 29 வயதுக்காரருக்கு 24 மில்லியன் வந்ததே பெரிய விஷயம். எங்கள் லிவர்பூல் 2018 ஜனவரியில் கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றபோது நானும்தான் குழம்பினேன். அந்தக் கோடையிலேயே கோல்காப்பாளர் அலிசன் வந்தார். 2019 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அதே பார்சிலோனாவை எங்கள் அன்பீல்ட் மைதானத்தில் 4-0 என்று அனுப்பிவைத்தோம்.

உவர்மலைப் பீரங்கி:
நானா, பார்சிலோனா எப்போது இங்கிலாந்து லீக்கில் ஆடியது? நான் கேட்டது சொந்த லீக்குக்குள் விற்பதைப் பற்றி. லெஸ்டரைப் பாருங்கள். 2016இல் சாம்பியன். அதே கோடையில் கான்டே செல்சிக்கு, 2018இல் மாரெஸ் மன்செஸ்டர் சிட்டிக்கு, 2019இல் மகுவையர் யுனைட்டட்டுக்கு. 2023இல் இரண்டாம் தரத்துக்கு இறங்கிப்போனார்கள்.

கிண்ணியாச் சிவப்பு:
இடையில் 2021ஐ ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அந்த மூவரையும் விற்ற பிறகுதான் லெஸ்டர் எஃப்ஏ கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது செல்சி, அதில் கான்டேயும் ஆடினார். பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ஒரு அடி அடித்து வென்று கொடுத்தவர் டீலெமன்ஸ். அவரை விலை இருந்த நேரத்தில் விற்காமல் வைத்திருந்து, இறங்கிய கையோடு அஸ்டன் வில்லாவுக்குச் சும்மா விட்டார்கள். விற்றதா பிழை, விற்காததா?

மஞ்சள் சுவர்:
ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கழகத்துக்காரன் வந்துவிட்டேன். கோட்ஸேயை நாங்கள் விற்றதாக எல்லோரும் சொல்கிறார்கள். ஒப்பந்தத்திலேயே 37 மில்லியன் யூரோ என்று எழுதியிருந்தது. எங்கள் லீக்கிலேயே போட்டிக் கழகமான பேயர்ன் அதைக் கட்டினால் மறுக்க வழியில்லை. 2013இல் றியல் மட்ரிட்டுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு முதல் நாள் செய்தி வெளியே வந்தது. மறுநாள் 4-1 என்று வென்றோம், நான்கும் லெவன்டோவ்ஸ்கி. அவரையும் அந்தக் கோடையில் பேயர்ன் கேட்டது. கொடுக்கவில்லை. இன்னொரு பருவம் ஆடி 20 கோல் போட்டு, ஜெர்மனி லீக்கில் அதிக கோல் போட்டவரானார். 2014இல் காசில்லாமல் பேயர்னுக்கே போனார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு வருடம் கூடப் பார்த்தோமே. கழகம் என்ன, நகைக்கடையா?

மக்கெய்சர் கேலரி:
பிள்ளைகள், உங்களுக்கு விற்கவாவது ஏதோ இருக்கிறது. நான் இங்கே திருகோணமலையில் ஒரு சின்னக் கழகத்தில் பல வருடமாகப் பொடியன்களைப் பழக்குகிறேன். ஒருவனுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் மீன்வாடி முதலாளி. வெளியூர் ஆட்டங்களுக்கு வான் வாடகைக் காசு நாங்கள் சேர்த்தது. இடது காலால் மூலையிலிருந்து வளைத்து விடுவான், கோலி கையை நீட்டுவதற்குள் பந்து வலைக்குள். 19 வயதில் கொழும்புக் கழகம் ஒன்று கூப்பிட்டது, வேலையும் தருகிறோம் என்றார்கள். எங்களிடம் கேட்டது விடுவிப்புக் கடிதம் மட்டும். அடுத்த வருடம் எங்களுக்கு எதிராகவே இரண்டு கோல்.

மஞ்சள் சுவர்:
அண்ணை, பீபாவில் அதற்கு விதி இருக்கிறதே. மாற்றுக் காசில் 5 வீதம் வரை, 12 முதல் 23 வயதுக்குள் அவனை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

மக்கெய்சர் கேலரி:
அது ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, காசுக்கு, வேறு நாடும் சம்பந்தப்படுகிற மாற்றத்துக்கு. திருகோணமலையில் இரவு ரயில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்குவது வெளிநாட்டுப் பயணமில்லையே தம்பி. காசே கைமாறாத இடத்தில் 5 வீதம் என்ன, 50 வீதமும் பூச்சியம்தான். கடிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். போடாமல் விட்டால் அவன் வீட்டுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

உவர்மலைப் பீரங்கி:
அண்ணை சொல்வது வேறு. அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு. ஆர்சனல் என்ன பசியிலா கிடந்தது?

கிண்ணியாச் சிவப்பு:
சரி, ஒன்று கேட்கிறேன். 2023இல் வெஸ்ட் ஹாம் தன் தலைவன் டெக்லன் ரைஸை விற்றது. ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றைத் தூக்கிக் கொடுத்த சூடு ஆறவில்லை. 100 மில்லியனுக்கு மேல் கொடுத்து வாங்கியது அதே லண்டனில், அதே லீக்கில் இருக்கும் ஒரு கழகம். பெயரை நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா?

உவர்மலைப் பீரங்கி:
வெஸ்ட் ஹாம் எங்களுக்குப் போட்டிக் கழகமா நானா? அவர்கள் அந்த வருடம் 14ஆம் இடம்.

மஞ்சள் சுவர்:
பேயர்ன்காரர்களும் எங்களைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள்.